‘அம்மாவைக் கேளுங்க டாக்டர்’னு 18 வயசுல சொல்ல முடியாது!

மூட்டுவாதம்னாலே தாத்தா பாட்டி சமாச்சாரம்னு நினைக்கிறோம். ஆனால், 16 வயதுக்குள் தொடங்கி, காரணமே தெரியாமல் ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மூட்டு வீக்கம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ‘ஜுவனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்’. லூபஸ், ருமாட்டிக் காய்ச்சல் போன்றவையும் பள்ளி வயதிலேயே வரலாம். இவை பலருக்குப் பள்ளியோடு முடிவதில்லை. காலேஜ், வேலை, கல்யாணம்னு கூடவே வரும்.

சிக்கல் தொடங்குவது குழந்தைகள் பிரிவை விட்டுக் கிளம்பும்போதுதான். 18 வயது வரை குழந்தை மருத்துவரே பார்க்கலாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். நடைமுறையில் பல ஆஸ்பத்திரிகளில் 12, 13 வயதிலேயே ‘பெரியவங்க ஓ.பி-க்குப் போங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். புது டாக்டர், புது க்யூ. இதுவரை எல்லா கேள்விக்கும் அம்மாதான் பதில் சொல்லியிருப்பார். ‘வலிதான் இல்லையே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று ஒருமுறை தள்ளிப்போட்டால், அது ஒரு வருஷமாகிவிடும்.

வலி இல்லாததை நம்பவே கூடாது. இந்த மூட்டுவாதம் இருப்பவர்களில் சிலருக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். கண் சிவக்காது, வலிக்காது. பார்வை மட்டும் மெல்லப் போகும். ‘ஸ்லிட் லேம்ப்’ கருவியில் பார்த்தால்தான் தெரியும். அதனால் ஓ.பி மாறும்போது கண் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது மாத்திரை. மீத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே போட வேண்டியது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பது அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. உங்கள் மொபைலிலேயே அலாரம் வையுங்கள். இந்த மருந்தும் மதுவும் சேர்ந்தால் அடி வாங்குவது கல்லீரல். புதுச்சேரியில் 18 வயதிலேயே சட்டப்படி பாட்டில் கிடைக்கும் என்பதால், இதை வெளிப்படையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையையும் இது பாதிக்கும். கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பே டாக்டரிடம் தனியாகப் பேசிவிடுவது நல்லது. அதற்காக அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னால் தப்பில்லை!

அரியாங்குப்பத்துப் பிள்ளைகளுக்கு அலைச்சலும் உண்டு. ஆற்றுப்பாலம் தாண்டி, டவுனைக் கடந்து, கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மருக்குப் போகவேண்டும். அங்கே இந்த நோய்களைப் பார்க்கும் துறைக்குப் பெயர் ‘கிளினிக்கல் இம்யூனாலஜி’. மூட்டுவலி என்று எலும்பு டாக்டர் க்யூவில் நின்று ஒருநாளை வீணாக்காதீர்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி உண்டு. 21 வயது வரையாவது தொடரும். இதய வால்வு பாதித்திருந்தால் 40 வயது வரைகூட. அதை உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட முடியுமா என்று கேட்டு, டாக்டரிடம் கடிதம் வாங்கிவையுங்கள்.

பதினெட்டு வரை காத்திருக்கவும் வேண்டாம். பதின்பருவத் தொடக்கத்திலேயே இந்த மாற்றத்துக்குத் தயார்படுத்த வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருத்துவர்களின் பரிந்துரை. கிளம்பும் முன் பழைய டாக்டரிடம் ஒருபக்கச் சுருக்கம் கேளுங்கள்: நோயின் பெயர், எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை, கடைசி ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, போட்ட தடுப்பூசிகள். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் ஃபைல் எப்படியும் அம்மாவின் பீரோவில்தான் இருக்கும்.