அம்மிக்குத் திரும்பிய காலம்

பழமும் கீரையும் சேர்த்து அடிக்கும் ‘ஸ்மூத்தி’ இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. மின் பிளெண்டர் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததோ 1930களில்தான். யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் அதற்கு வெகுகாலம் முன்பே வல்லாரையும் தூதுவளையும் அம்மியில் அரைபட்டு, அரிசியோடும் தேங்காய்ப்பாலோடும் இலைக்கஞ்சியாகின. 1847இல் வட்டுக்கோட்டைக்கு வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் தந்தார். எனினும் இந்த வீட்டு மருந்து வழக்கொழியவில்லை.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. குடாநாட்டுக்கான மின்வழங்கலும் நின்றது. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அரும்பொருளாயின. பிளெண்டர்களில் தூசு படிந்தது. மூலையில் கிடந்த அம்மிகள் மீண்டும் முற்றத்துக்கு வந்தன. வேலியில் படர்ந்த முசுட்டை இலைக்குத் தடைவிதிக்க எவராலும் இயலவில்லை.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிளெண்டரில் கீரை அரைக்கும் நம்மவர், அருகில் நிற்கும் பிள்ளைகளுக்கு இக்கதையையும் சொல்லிவைப்பது நன்று.