17 வருஷம் பேசாத தீவு

ஹாம் ரேடியோக்காரங்க உலக வரைபடத்தைப் பார்க்கிற விதமே தனி. ஒரு தேசத்துக்குச் சொந்தமான தீவுக்கூட்டம் கரையை விட்டுத் தள்ளி இருந்தால், அவங்க கணக்கில் அது தனி 'நாடு'. இந்தியாவில் பெரும்பாலான அமெச்சூர் நிலையங்களின் அழைப்புக்குறி வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கும். அந்தமான் நிக்கோபாருக்கு வி.யூ.4. அந்த வி.யூ.4 1987-க்குப் பிறகு காற்றில் கேட்கவே இல்லை. ராணுவ முக்கியத்துவம் உள்ள இடம் என்பதால் அனுமதி கிடையாது. கிடைக்காத பொருளுக்குத்தானே கிராக்கி? உலகம் முழுக்க ஹாம்களின் 'பேசியே ஆகணும்' பட்டியலில் அந்தமான் மேலே ஏறிக்கொண்டே போனது.

அனுமதிக்காக வருஷக்கணக்கில் முயன்றவர் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், வி.யூ.2 ஆர்.பி.ஐ. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் துணையோடு 2004 டிசம்பர் தொடக்கத்தில் போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் நிலையம் போட்டார். குறி: வி.யூ.4 ஆர்.பி.ஐ. உலகமே வரிசையில் நின்றது.

இங்கே கொஞ்சம் வானத்தைப் பற்றிச் சொல்லணும். எங்க சீவலப்பேரிக்குத் தெற்கே, சிற்பங்களுக்குப் பேர்போன கிருஷ்ணாபுரத்தில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கு. கோவிலுக்குப் போகிற நிறைய பேருக்கு அது தெரியாது. 1990-களிலிருந்து 1.98 மெகாஹெர்ட்ஸ் ரேடார் வைத்து, 70-லிருந்து 100 கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளந்தவங்க அவங்க. ஏன் இங்கே? பூமியின் காந்த நடுக்கோடு நம்ம பக்கத்தில் போகிறது. மலைக்கு அந்தப்பக்கம் தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் போட்டதற்கும் அதே காரணம்தான். அந்தமானும் அந்தக் கோட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

இந்தக் கோட்டுப் பக்கம் சூரியன் மறைந்ததும் அயனி மண்டலம் மேலே எழும்பும்; உள்ளுக்குள் குமிழி குமிழியாகக் கலங்கும். குரல் நடுங்கும், தேயும், திடீரென்று காணாமல் போகும். பெருவில் உவாங்காயோவில் 1938-லேயே இதைப் பதிவு செய்திருக்காங்க. கோடை மழைக்கால இடிமின்னல் இரைச்சல் வேற. அதனால் வெப்பமண்டலத்தில் தொலைதூரம் பேச பெரிய கருவி மட்டும் போதாது, எந்த நேரத்துக்கு எந்த அலைவரிசை என்கிற கைப்பழக்கமும் வேணும். பாரதி குழுவுக்கு மூணு வாரத்தில் அந்தப் பழக்கம் நன்றாகவே படிந்திருக்கும்.

டிசம்பர் 26, காலை 6.29. கட்டடம் ஆடியது, கடல் வந்தது. தொலைபேசி போச்சு, மின்சாரம் போச்சு. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளமே நாசம். சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, நடுவில் கடல் தவிர எதுவும் இல்லாத இடம். நிலநடுக்கத்துக்குப் பின் பாரதி குழு நிலையத்தை மறுபடி நிமிர்த்தி அவசரச் சேவைக்குத் திருப்பியது. பிழைத்தவர்களின் பெயர்களும், 'எங்க ஆள் எங்கே' என்ற கேள்விகளும் அவங்க வழியாகத்தான் தாய்நிலத்துக்கும் திரும்பவும் போயின. பிறகு ஹாம்கள் கார் நிக்கோபாருக்கும் நிலையத்தைக் கொண்டுபோனாங்க.

இது ஏதோ மாயமில்லை. சிற்றலை பரிமாற்றிக் கருவி 100 வாட். கார் பேட்டரியில் ஓடும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 10 மீட்டர் கம்பி, கட்ட இரண்டு மரம் போதும். செல்போனுக்கு வழியெல்லாம் கோபுரம் வேணும். சிற்றலைக்கு வழியில் ஒன்றும் வேண்டாம். ஒரே தாவலில் அயனி மண்டலத்தில் பட்டு 3,000 கிலோமீட்டர் தாண்டி இறங்கும். கோபுரமும் கேபிளும் கடலில் போனாலும் வானம் அங்கேயே இருக்கும்.

எனக்கு இதில் உறுத்துவது தேதிதான். 17 வருஷம் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பூட்டி வைத்த கதவு, சுனாமிக்கு மூணே வாரம் முன்னால் திறந்தது. அதுவும் பேரிடருக்குத் தயாராகணும் என்று யாரும் திட்டம் போட்டுத் திறக்கவில்லை. சிலருடைய பொழுதுபோக்கு ஆசைக்குத் திறந்தது. அனுமதிக் கோப்பு இன்னும் ஒரு மாசம் ஒரு மேசையில் தூங்கியிருந்தால்? நம்ம ஊரில் கோப்புகள் தூங்குவது ஒன்றும் அதிசயமில்லையே.

அப்புறம் அரசின் மனசும் கொஞ்சம் இளகியது. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேரில் நடந்த கூடுகைக்கு வெளிநாட்டு ஹாம்களும் வந்து அங்கிருந்தே பேசினாங்க. 2007 ஜனவரியில் லட்சத்தீவுக்கும், அதாவது வி.யூ.7-க்கும், அதே அனுமதி கிடைத்தது.