லாம்பிக்: பெயரும் பீரும்

பிரஸ்ஸல்ஸ் நகரையும் அதற்குத் தென்மேற்கே ஸென் ஆற்றுப் படுகையிலுள்ள சிற்றூர்களையும் தாயகமாகக் கொண்டது லாம்பிக் என்னும் புளிப்பு பீர். பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். சாராயம் காய்ச்சும் வாலைக்கு பிரெஞ்சில் 'அலாம்பிக்' என்று பெயர். அரபியின் 'அல்-அன்பீக்' வழியே வந்த சொல் அது. அதன் முதலெழுத்து உதிர்ந்து லாம்பிக் ஆயிற்று என்பது ஒரு கட்சி. ஒலி பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை. லாம்பிக்கை யாரும் வாலையில் வடிப்பதில்லை. பிரஸ்ஸல்ஸுக்குத் தெற்கே பீர் வடிப்பில் பேர்போன லெம்பேக் என்ற ஊரின் பெயரே திரிந்தது என்பது மறு கட்சி. முடிந்த முடிவு இல்லையென்றாலும், ஊர்ப்பெயர்க் கட்சியே வலுவானது.

சரக்கு மண்ணோடு ஒட்டியது என்பதும் அதற்குத் துணை நிற்கிறது. மற்ற பீர்களுக்கு ஈஸ்ட்டை அளந்து சேர்ப்பார்கள். இங்கே முளைகட்டிய பார்லியையும் முளைகட்டாத கோதுமையையும் கொண்டு சாறெடுத்து, ஆண்டுக்கணக்கில் காயவைத்த ஹாப் பூவோடு கொதிக்கவிட்டு, அகன்ற ஆழமற்ற தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். காற்றிலும் கட்டடத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் தாமே இறங்கிப் புளிக்க வைக்கின்றன. வெயில் காலத்தில் கெடுக்கும் கிருமி மிகுதி என்பதால் குளிர்மாதங்களில் மட்டுமே வேலை. பிறகு மரப்பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை உறக்கம். இளையதையும் முதிர்ந்ததையும் கலந்து போத்தலில் அடைத்து மீண்டும் நுரைக்க விட்டால் அதன் பெயர் கூஸ்.

இந்த முறையை விடாப்பிடியாகக் காத்தவர்களில் ஒரு குடும்பம் கான்தியோன். பிரஸ்ஸல்ஸின் ஆந்தெர்லெக்ட் பகுதியில் 1900-இல் போல் கான்தியோன் தொடங்கிய தொழில், மகன்கள் கைக்கு வந்து, பின் அவர்களில் ஒருவரின் மருமகன் ழான்-பியர் வான் ருவாவிடம் சேர்ந்தது. இனிப்பு பானங்களுக்கு மக்கள் மாறி, சுற்றிலும் வடிப்பாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் 1978-இல் ஆலையையே அருங்காட்சியகமாகவும் திறந்துவிட்டார். வேலை நடக்கும் இடத்தைக் காட்டியே வேலையைக் காப்பாற்றிய அந்தத் துணிச்சல் பெரிது. இன்று பொறுப்பில் இருப்பவர் அவர் மகன் ழான். பூச்சிகளைப் பிடிக்கட்டும் என்று பீப்பாய் அறைச் சிலந்திகளைக்கூட அங்கே கலைப்பதில்லை.

ஆனால் பெயரைக் காப்பது சரக்கைக் காப்பதைவிடக் கடினம். சர்க்கரை கலந்து இனிப்பாக்கியதும் கூஸ் என்றே விற்பனையாயிற்று. அதனால் 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் 'பழைய கூஸ்' என்ற பெயருக்குப் பாதுகாப்பு அளித்தது. கலவையில் மிக முதிர்ந்த பகுதிக்கு மூன்றாண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். கான்தியோன் குடும்பம் தன் போத்தலில் நேராகவே அச்சிடுகிறது: 'கூஸ், 100% லாம்பிக்'.