சிங்கம் போட்ட கேடயமும் சம்பா கோயில் சுவரும்

போன தை மாதம் எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் டிஜிட்டல் பேனருக்காகச் செய்த படம். நடுவில் ஒரு கேடயம், இரண்டு பக்கமும் பின்னங்காலில் நிற்கிற சிங்கம், மேலே கிரீடம், குறுக்கே வாள்.

"அண்ணே, இதுக்குக் கீழ போட வரலாறு வேணும். நாமளும் ஆண்ட பரம்பரைதான்னு நாலு பக்கத்துக்கு எழுதிக் குடுங்க. எல்லாச் சாதிக்காரனும் போட்டு வச்சிருக்கான். நம்ம தெருமுனையில மட்டும் ஒண்ணுமில்ல."

எந்த ராஜா என்று கேட்டேன். "அத நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்றான் பெரியவன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும் வந்தது. படத்தில் இருந்தது சோழச் சிங்கமும் இல்லை, பல்லவச் சிங்கமும் இல்லை. சீமைச் சிங்கம். ஸ்காட்லாந்துக் குலங்களுக்கு இப்படித்தான் கேடயமும் விலங்கும் உண்டு. அதைக் காவல் காக்க எடின்பரோவில் லார்ட் லயன் என்று ஓர் அதிகாரியும் அவருக்கு ஒரு நீதிமன்றமும் இன்றைக்கும் இருக்கிறது. அங்கேயும் புளுகுக்குக் குறைவில்லை. குலத்துக்கொரு கட்டம்போட்ட துணி ஆதிகாலம் தொட்டு இருந்தது என்று ஓர் 'ஓலைச்சுவடி'யைக் காட்டி 1842-ல் இரண்டு சகோதரர்கள் புத்தகம் போட்டார்கள். தாங்கள் இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் பேரன்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். சுவடியும் பொய், பேரன்களும் பொய். துணி மட்டும் இன்னும் விற்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம் சாதிகளின் கதைகளை ஊர் ஊராகச் சேகரித்தவரே ஒரு ஸ்காட்லாந்துக்காரர்தான். காலின் மெக்கன்சி. லூயிஸ் தீவில் பிறந்து, 1783-ல் இந்தியா வந்து, 1815-ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனவர். கவாலி போரையா, லட்சுமையா சகோதரர்களையும் வேறு பலரையும் வைத்துக்கொண்டு கோயில், பாளையம், சாதி என்று கைபீதுகளை எழுதி வாங்கினார். அந்தக் கட்டுகளில் பெரும்பகுதி சென்னையில் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் கிடக்கிறது. இன்று மேடையில் 'எங்கள் வரலாறு' என்று கர்ஜிக்கிறவர்களில் பலர் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

அந்த மெக்கன்சியின் சொந்தக் குலத்துக்கே ஒரு பொய்ப் பட்டயம் உண்டு. காலின் பிட்ஸ்ஜெரால்டு என்கிற அயர்லாந்துப் பிரபு ராஜாவை மானிடமிருந்து காப்பாற்றினாராம். 1263 லார்க்ஸ் போரில் சண்டை போட்டாராம். 1266-ல் ராஜா கின்டெயில் நிலத்தை எழுதிக் கொடுத்தாராம். அதனால்தான் சின்னத்தில் மான்தலை. பதினேழாம் நூற்றாண்டில் குலத்துப் பெரிய மனிதர்கள் இதை ஊதிப் பெரிதாக்கினார்கள். பட்டயம் போலி என்று பிறகு வரலாற்றாசிரியர்கள் தள்ளிவிட்டார்கள். ஆக, கதை கேட்டவரும் சொன்னவர்களும் ஒரே பள்ளிக்கூடம்தான்.

நம் ஊர்ப் பட்டயங்களுக்கு வருவோம். வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு கையாகப் பிரிந்து கிடந்த காலம். வெள்ளைக் குடை யாருக்கு, வெள்ளைக் குதிரையில் மாப்பிள்ளை போகலாமா, கல்யாணப் பந்தலுக்குப் பன்னிரண்டு காலா பதினொன்றா, எந்தக் கொடி எந்தத் தெருவில் போகலாம், இதற்கெல்லாம் மண்டை உடைந்தது. சென்னையிலும் உடைந்தது, பாண்டியிலும் உடைந்தது. 'காஞ்சிபுரத்தில் செப்பேடு இருக்கிறது, அதில் எங்கள் உரிமை எழுதியிருக்கிறது' என்பது வலங்கையாரின் பேச்சு. அது உண்மையானதே அல்ல என்பது இடங்கையாரின் பதில். 1800-ல் பயணம் வந்த பிரான்சிஸ் புக்கனன் இந்தத் தகராறைக் குறித்து வைத்திருக்கிறார். (அவரும் ஸ்காட்லாந்துக்காரர். வயதான காலத்தில் ஊருக்குப் போய், புக்கனன் குலத்துக்குத் தலைவர் நானே என்று உரிமை கோரினார். இந்த நோய் யாரையும் விடவில்லை.)

இந்தச் சண்டையில் நாம் எங்கே இருந்தோம்? வலங்கையில். பறையர் வலங்கையின் அடியாள்படை. வலங்கை வியாபாரிக்கும் வேளாளருக்கும் குடை உரிமை வேண்டும் என்று அடி வாங்கியவர்கள் நம் ஆட்கள். குடை அவர்கள் தலைக்குப் போனது. நமக்கு 'வலங்கை முகத்தார்' என்று ஒரு பெயர் மிஞ்சியது. அந்தப் பெயரைத்தான் இப்போது சிலர் பட்டம் என்று பேனரில் போடுகிறார்கள்.

பாண்டியில் பட்டம் வாங்கியவர் என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேக்சின் துபாஷ். பல்லக்கு, மேளவாத்தியம், முசாபர் ஜங் கொடுத்த மன்சப் என்று மரியாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. 1752-ல் அவர் பெயரிலேயே வடமொழியில் ஒரு சம்பு காவியமும் வந்துவிட்டது. காசும் அதிகாரமும் முதலில் வரும், வம்சப் பெருமை பின்னால் நடந்து வரும். எல்லா ஊரிலும் வரிசை இதுதான்.

ஆனால் அந்த மனுஷனின் நாட்குறிப்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவருக்கு நம்மேல் ஒரு பிரியமும் கிடையாது. இருந்தாலும் 1745 அக்டோபரில் நடந்த ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். சம்பா கோயிலுக்குள்ளே வடக்குப் பக்கம் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும் சட்டைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரியார் இதைப் பார்த்துப் பேச்சைக் கிளப்பினார். சேரி ஜனங்கள் கூடிப் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, நடுவில் எதற்குச் சுவர் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக்காரர்கள் கொதித்தார்கள், சுவர் போன இடத்தில் நாற்காலி வரிசை வந்தது என்பது வேறு விஷயம்.

அவர்கள் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கேட்டார்கள் என்பது கிடைத்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்கு நாற்பத்து நாலு வருஷம் முந்தி.

இதைப் பையன்களிடம் சொன்னேன். "சுவர இடிச்சத எப்படிண்ணே பேனர்ல போடுறது? ராஜா வேணும்ணே" என்றான் ஒருத்தன்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கால்டுவெல் 1849-ல் சாணார்களைப் பற்றிக் கேவலமாக ஒரு புத்தகம் எழுதினார். அந்தச் சமூகத்துப் படித்தவர்கள் நாங்கள் சத்திரியர் என்று பதில் புத்தகம் எழுதினார்கள். கோபம் நியாயமானது. ஆனால் 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் போய், அது வழக்காகி, 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனபோது சத்திரியக் கதை கைகொடுக்கவில்லை. கோயில் கதவை அந்தப் பட்டயம் திறக்கவில்லை. 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஐந்து தலித்துகளும் ஒரு நாடாரும் ஒன்றாக நுழைந்தபோதுதான் திறந்தது. 1901 சென்சசில் ரிஸ்லி சாதிகளை மேல்கீழாக அடுக்கப்போகிறார் என்றதும் மனு மனுவாகக் குவிந்ததே, அந்த மனுக்களின் கணக்கு எளிது: நான் மேலே ஏறணும், எனக்குக் கீழே ஆள் இருக்கணும்.

நம் அயோத்திதாசரும் வரலாறு எழுதினார். ராஜாவைத் தேடவில்லை. பூர்வ பௌத்தர் என்றார். 1907-ல் தொடங்கிய பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். அவர் சொல்லாராய்ச்சி எல்லாம் நிற்காது. ஆனாலும் பிராமணக் கதைக்கு எதிர்க்கதை வேண்டும் என்ற துணிச்சலுக்கு ஈடில்லை. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உறுத்துகிறது. நம்மைத் தாழ்த்தப்பட்டவர் என்றவர், சக்கிலியர், குறவர் போன்றவர்களை இயல்பாகவே தாழ்ந்தவர் என்று பிரித்தார். அருந்ததியர் தோழர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். பழம்பெருமை என்று ஆரம்பித்தால் அவ்வளவு பெரிய மனிதருக்கே காலுக்குக் கீழே ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

பாண்டியில் வேறொரு வழியும் இருந்தது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்கிற வக்கீல் பூட்சும் காலுறையும் போட்டுக் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி தடுத்தார். பாரிஸ் வரை போய் ஜெயித்தார். 1881 செப்டம்பர் 21 ஆணை வந்ததும், சாதி வழக்கத்தைத் துறந்து 'லப்போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். கதவு என்று அர்த்தம். சேரியிலிருந்தும் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டு, வீட்டுப் பெயர் எடுத்து, சொல்தாவாகச் சைகோனுக்குக் கப்பல் ஏறினார்கள். என் பெரியப்பா வீட்டுப் பெயரும் அப்படி வந்ததுதான். அதுவும் செய்த பெயர்தான், இல்லை என்கவில்லை. ஆனால் யாரும் அதை ஆயிரம் வருஷப் பெயர் என்று சொன்னதில்லை. எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

வரலாறு நான் எழுதிக் கொடுக்கவில்லை. பேனர் சிங்கத்தோடேயே தெருமுனையில் ஏறியது. கீழே யாரோ எழுதிய இரண்டு வரி. பத்து நாள் கழித்து சின்னவன் மட்டும் தனியாக வந்தான். "அந்தச் சுவர் இப்ப இருக்காண்ணே?" என்றான். 1761-ல் இங்கிலீஷ்காரன் பட்டணத்தை இடித்தபோது அந்தக் கோயிலே போய்விட்டது, இப்போது இருப்பது 1791-ல் கட்டியது என்றேன். இருந்தாலும் பார்க்கணும் என்றான். சைக்கிளில் மிசியோன் வீதிக்குப் போனோம். பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"வடக்குப் பக்கம் எதுண்ணே?"

கையை நீட்டிக் காட்டினேன்.