கரிசல் மண்ணும் கலங்கரை விளக்கமும்

கோவில்பட்டி வட்டாரத்து மக்களுக்குக் கரை என்றால் கண்மாய்க் கரைதான். ஐப்பசி, கார்த்திகையில் நீர் தளும்புவதும், சித்திரையில் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதும் அவர்கள் அறிந்த காட்சிகள். கடல் அவர்களுக்கு நெடுந்தொலைவு. ஆயினும், கரிசல் நிலத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் எவரும் தூத்துக்குடிக் கடலோரத்து விளக்கை ஒதுக்கிவிட்டு எழுதுதல் இயலாது.

'கலங்கரை விளக்கம்' என்னும் சொல்லே பழமையானது. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்பது பொருள். காக்கை கரைவதும் இச்சொல்லாலேயே வழங்கும். கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கு என்று நம் முன்னோர் பெயரிட்டனர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையில் உயர்ந்த மாடத்தின் மேல் இரவில் ஏற்றப்பட்ட தீயைக் காட்டுகிறது. அகநானூற்றில் மதுரை மருதன் இளநாகனார், மாடத்து ஒளியைக் குறியாகக் கொண்டு கலம் செலுத்தும் நீகானைக் காட்டுகிறார். சிலப்பதிகாரமும் புகாரின் காட்சிகளில் இவ்விளக்கைச் சேர்த்துச் சொல்கிறது. மாமல்லபுரத்தில் பல்லவர் எடுத்த ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சி 19ஆம் நூற்றாண்டில் விளக்கு மேடையாகப் பயன்பட்டதும், பின்னர் அருகிலேயே கருங்கல் கோபுரம் எழுந்ததும் இம்மரபின் பிற்காலத் தொடர்ச்சி எனலாம்.

பாண்டிய நாட்டுக் கடற்கரையின் கதை வேறு வகையானது. இங்கே கடலே இடம் பெயர்ந்தது. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கையைத் தாமிரபரணியின் வண்டல் மூடியது. கடல் சில கிலோமீட்டர் விலகிச் சென்றது. அடுத்துச் சிறந்த காயல் துறைக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்தார். அதுவும் பின்னாளில் தூர்ந்தது. இவ்விரு துறைகளின் மறைவை கால்டுவெல் ஐயர் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் ஆராய்ந்துள்ளார். அவற்றின் இடத்தைத் தூத்துக்குடி பெற்றது. போர்ச்சுகீசியருக்குப் பின் 1658இல் டச்சுக்காரரும், 1825இல் நிலையாக ஆங்கிலேயரும் அதனைக் கைக்கொண்டனர்.

தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. அருகில் பவளப் பாறைத் தீவுகளும் உண்டு. பெருங்கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டன. சரக்குகளைத் தோணிகள் ஏற்றிச் சென்றன. இத்தகைய கடலில் விளக்கு இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: வருக என்று அழைக்கவும் வேண்டும், இதற்குமேல் நெருங்காதே என்று தடுக்கவும் வேண்டும்.

அத்தோணிகள் சுமந்தவற்றுள் முதன்மையானது கரிசல் நிலத்துப் பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து குறைந்தது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தியின் விலை ஏறியது. போர் முடிந்ததும் விலை வீழ்ந்தது. எங்கோ நடந்த போரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மானாவாரி விவசாயி தன் வீட்டு அடுக்களையில் உணர்ந்தான். 1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை கோவில்பட்டி வழியாகத் திறக்கப்பட்டபின், மாட்டு வண்டிகள் சுமந்த பஞ்சுப்பொதிகளை இரயில் சுமந்தது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

விளைவித்தவன் இம்மண்ணினன், கப்பலோ அயலானுடையது. இந்த முரணை நேரில் எதிர்த்தவரும் கரிசல் மண் ஈன்றவரே. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரனார் 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவினார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள், மூலதனம் 10 இலட்சம். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. விளக்கின் ஒளி ஆங்கிலேயர் கலத்தையும் சுதேசிக் கலத்தையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை, அரசு பார்த்தது. 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். 1912 இறுதியில் அவர் விடுதலையானபோது சங்கமும் இல்லை, கப்பலும் இல்லை.

1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகம் ஆயிற்று. பெருங்கப்பல்கள் கரையை அணைந்தன. 2011இல் அத்துறைமுகத்திற்குச் சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது.

காணும் பொங்கல் போன்ற விடுமுறை நாட்களில் கட்டுச்சோற்றுடன் முயல் தீவுக்குச் செல்லும் குடும்பங்கள் அங்குள்ள கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்துத் திரும்புகின்றன. பிள்ளைகள் அதன் உயரத்தைக் கேட்பது இயல்பு. உயரத்தோடு, அவ்வொளியின் கீழ்க் கடல் கடந்துபோன பஞ்சு யாருடைய புஞ்சையில் விளைந்தது என்பதையும் பெற்றோர் சொல்ல வேண்டும். பாட்டனும் பூட்டனும் முதுகில் சுமந்து வண்டியேற்றிய பொதிகளுக்கு வேறு நினைவுச் சின்னம் இல்லை.