தலை மட்டும் கிளம்பிய கதை

2001-ஆம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி அமெரிக்காவில் ஓர் ஆகாய விமானம் கிளம்பிற்று. உள்ளே இருந்தவர்கள் போயிங் விமானக் கம்பெனியின் மேலதிகாரிகள். எந்த விமானமும் புறப்படுமுன் தான் போகும் வழியை எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா? அன்றைக்கு ஒன்றுக்கு மூன்றாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். டெக்ஸாஸ் ராஜ்யத்து டல்லஸுக்கு ஒன்று, கொலராடோ ராஜ்யத்து டென்வருக்கு ஒன்று, இல்லினாய் ராஜ்யத்துச் சிகாகோவுக்கு ஒன்று. விமானம் மேலே ஏறிய பிறகுதான் "சிகாகோ" என்று அறிவித்தார்கள். மற்ற இரண்டு ஊர்க்காரர்களின் முகம் தொங்கிப் போயிற்று.

இப்படி ஒரு கட்டத்தை நான் நாவலில் எழுதியிருந்தால், "கொஞ்சம் அதிகப்படியாக இருக்கிறதே!" என்று பத்திரிகாசிரியர் நீலப் பென்ஸிலை எடுத்திருப்பார். நிஜத்தில் நடப்பதற்கு அந்தப் பயம் இல்லை. கம்பெனியின் தலைமைக் காரியாலயத்தை எந்த ஊருக்கு மாற்றுவது என்பதற்குத்தான் இத்தனை நாடகமும்.

ஒரு கம்பெனி ஏன் ஒரு ராஜ்யத்தை விட்டு இன்னொரு ராஜ்யத்துக்குக் குடி போகிறது? வரி, கூலி, சட்டம் என்று பொருளாதார நிபுணர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். போயிங் கதையைப் படிக்கப் படிக்க, அந்த விரல்கள் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கதை தொடங்கியது சியாட்டில் நகரில். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்றே பெயர் கொண்ட ராஜ்யம் ஒன்று இருக்கிறது. தலைநகரான வாஷிங்டன் வேறு, கீழைக்கரையில் இருப்பது. வில்லியம் போயிங் ஒரு மரவியாபாரி. 1916-ல் அவர் விமானக் கம்பெனி ஆரம்பித்தபோது விமானம் என்பதே மரச்சட்டமும் துணியுமாக இருந்த வஸ்து. சுற்றிலும் காடு; டுவாமிஷ் ஆற்றங்கரையில் அவர் முன்பே வாங்கியிருந்த படகுப் பட்டறை. வேறு ஊரைத் தேட வேண்டிய அவசியம் என்ன? முதல் உலக யுத்தம் முடிந்து சர்க்கார் ஆர்டர்கள் நின்றபோது, அதே பட்டறையில் மேஜையும் அலமாரியும் படகும் செய்து காலத்தை ஓட்டினார்கள். அந்தப் பட்டறையிலிருந்து வளர்ந்த கம்பெனிதான் பிறகு இரண்டாவது யுத்தத்தின் பெரிய குண்டு வீச்சு விமானங்களையும், 707 ஜெட் விமானத்தையும், 1969-ல் முதன்முதலாகப் பறந்த 747-ஐயும் செய்தது.

ஊரும் கம்பெனியும் ஒரே வீட்டு மனிதர்களாகி விட்டார்கள். நல்லது பொல்லாதது இரண்டிலும் என்று சொல்ல வேண்டும். 1960-களின் கடைசியில் சியாட்டில் வட்டாரத்தில் மட்டும் போயிங்கின் சம்பளப் பட்டியலில் ஒரு லட்சம் பேர் வரை இருந்தார்கள். 1971-ல் அது நாற்பதினாயிரத்துக்கும் கீழே சரிந்தது. ஊரை விட்டுக் கடைசியாகப் போகிறவர் மறக்காமல் விளக்கை அணைத்து விட்டுப் போகும்படி கேட்டுக் கொண்டு யாரோ இரண்டு மனைத் தரகர்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெரிய விளம்பரப் பலகையே வைத்தார்கள். அப்போதுகூடக் கம்பெனியின் தலை சியாட்டிலில்தான் இருந்தது. ஆட்களைக் குறைக்கிற முதலாளியும் அதே கடைத்தெருவில்தான் நடமாட வேண்டியிருந்தது.

1997-ல் போயிங், செயின்ட் லூயிஸ் நகரத்து மக்டானல் டக்ளஸ் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக் கொண்டது. சண்டை விமானங்கள் செய்து சர்க்காருக்கு விற்கும் கம்பெனி அது. வாங்கியது போயிங், ஆனால் அங்கிருந்து வந்த ஹாரி ஸ்டோன்ஸைஃபர் போன்றவர்களின் கைதான் ஓங்கிற்று. மக்டானல்காரர்கள் போயிங்கின் பணத்தைக் கொண்டே போயிங்கை விலைக்கு வாங்கி விட்டார்கள் என்று சியாட்டிலில் ஒரு ஹாஸ்யம் உலவியது. 2000-ஆம் வருஷம் இஞ்சினியர்களும் தொழில் நுட்பக்காரர்களும் 40 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கரி பிடித்த கைகள் அல்ல, காகிதத்தில் கோடு போடும் கைகள் நின்று போன வேலை நிறுத்தம் அது. மறு வருஷம் மார்ச் மாதம், தலைமைக் காரியாலயம் சியாட்டிலை விட்டுப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது.

அறிவித்த பில் காண்டிட் ஒன்றும் வெளியாள் அல்ல. 1965-லேயே போயிங்கில் சேர்ந்த இஞ்சினியர்; 777 விமானத்தை உருவாக்கிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். அவர் சொன்ன நியாயம் இது: கம்பெனி இப்போது விமானம் மட்டும் செய்யவில்லை, செயற்கைக் கோள் ஓரிடம், சண்டை விமானம் ஓரிடம் என்று பல ஊர்களில் பல தொழில்கள். தலைமை ஒரு தொழிற்சாலையின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் அன்றாட வேலைகளில் இழுபட்டுப் போகும். எல்லோருக்கும் பொதுவான ஓரிடத்தில் தனித்து இருக்க வேண்டும்.

மாமியாரும் நாத்தனாரும் உள்ள வீட்டில் தனிக் குடித்தனம் கேட்கிற பெண்ணின் வாதம் மாதிரி இருக்கிறது, இல்லையா? நியாயம் இல்லாத வாதமும் அல்ல.

வரிதான் காரணம் என்றால் கணக்கு உதைக்கிறது. வாஷிங்டன் ராஜ்யத்தில் அப்போது வருமான வரியே கிடையாது, இல்லினாயில் உண்டு. வரிக்குப் பயந்து போகிறவர்கள் டெக்ஸாஸுக்கு அல்லவா போயிருக்க வேண்டும்? சிகாகோ நகரமும் இல்லினாய் ராஜ்யமும் இருபது வருஷங்களில் சுமார் ஆறு கோடி டாலர் சலுகை கொடுப்பதாகச் சொன்னது உண்மைதான். போயிங்கின் வரவு செலவில் அது கொல்லன் தெருவில் விழுந்த ஊசி. சட்டம் காரணமா என்றால் அதுவும் இல்லை. சட்டப்படி அந்தக் கம்பெனி 1934-லிருந்தே டெலவேர் என்ற சின்னஞ்சிறு ராஜ்யத்தின் பிரஜை. அமெரிக்கக் கம்பெனிகளுக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று என்று இரண்டு உண்டு. ஒரு காலத்தில் எல்லோரும் நியூ ஜெர்ஸியில்தான் பதிவு செய்து கொண்டார்கள். 1913-ல் அங்கே கவர்னராக இருந்த உட்ரோ வில்ஸன் சட்டத்தை இறுக்கினார். கம்பெனிகள் மெல்ல டெலவேருக்கு நகர்ந்தன. அந்தக் குடிபெயர்ப்புக்கு வண்டி கூட வேண்டாம், காகிதம் போதும்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் வொயிட் என்ற ஆராய்ச்சிக்காரர். நியூயார்க் நகரத்தை விட்டு வெளியேறிய 38 கம்பெனிகளை எடுத்துக் கொண்டு ஆராய்ந்தார். சிப்பந்திகளுக்கு நல்ல காற்று, நல்ல பள்ளிக்கூடம் என்றெல்லாம் அவை காரணம் சொல்லியிருந்தன. வொயிட் எடுத்ததோ தேசப்படம். அந்த 38-ல் 31 கம்பெனிகள், பெரிய முதலாளியின் வீட்டுக்கு அருகில் போய் உட்கார்ந்திருந்தன. சராசரி தூரம் எட்டு மைல்! அவற்றுள் பல அடுத்த ராஜ்யமான கனெக்டிகட்டுக்குப் போனவை. நியூயார்க்கிலேயே தங்கிய கம்பெனிகளின் பங்கு விலை, போனவற்றைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிற்று என்றும் 1988-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் கணக்குக் காட்டியிருக்கிறார்.

சியாட்டில் காரியாலயத்தில் இருந்த சுமார் ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஐந்நூறு பேருக்குத்தான் சிகாகோவில் இடம். தொழிற்சாலைகளும், வாஷிங்டன் ராஜ்யத்தில் வேலை பார்த்த 70,000-க்கும் மேற்பட்டவர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தலை மட்டும் சுமார் 1700 மைல் தள்ளி, ஆற்றங்கரையில் 36 மாடிக் கட்டடத்தில் போய் உட்கார்ந்து கொண்டது. 2001 செப்டம்பர் 4-ந் தேதி அங்கே வேலை தொடங்கிற்று. ஒரே வாரத்தில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. மோதிய இரண்டு விமானங்களும் போயிங் செய்தவை.

பிறகு நடந்ததை வைத்துத்தான் சர்ச்சையே. 2018 அக்டோபரில் இந்தோனேஷியாவில் 737 மாக்ஸ் விமானம் ஒன்று கடலில் விழுந்து 189 பேர் மாண்டார்கள். 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் அதே ரக விமானம் விழுந்து 157 பேர். மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் ஒரு பொறியமைப்பு, ஒரே ஒரு உணர்கருவியின் பேச்சை நம்பி இயங்கிற்று. அப்படி ஒன்று இருப்பதையே முதலில் விமானிகளுக்குச் சொல்லவில்லை. 2013-லிருந்து அந்த விபத்துக் காலம் வரைக்கும் கம்பெனி தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கச் செலவிட்ட தொகை 4,000 கோடி டாலருக்கும் மேல்.

"தலைவர்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் இஞ்சினியரின் முணுமுணுப்பு காதில் விழுந்திருக்கும், சிகாகோவில் பங்கு விலைதான் விழுந்தது" என்பது ஒரு கட்சி. எதிர்க் கட்சியையும் அலட்சியம் செய்ய முடியாது. பிரயாணி விமானங்களுக்கான பிரிவின் தலைமை எந்தக் காலத்திலும் சிகாகோவுக்குப் போகவே இல்லை. மாக்ஸ் விமானத்தைச் செய்தது சியாட்டிலை ஒட்டிய ரெண்டனில். அதைப் பற்றிய முடிவுகளில் பல அங்கேயே எடுத்தவை. ஐரோப்பிய ஏர்பஸ் கம்பெனியின் புது விமானத்தோடு போட்டி போடும் அவசரம், தலைமை எந்த ஊரில் இருந்தாலும் இருந்திருக்கும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இடமாற்றம் அந்த 346 பேரைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1700 மைல் தள்ளிப் போக வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு எப்போது வருகிறது? அந்த வேலையில் மனம் விட்டுப் போன பிறகுதான். காண்டிட் விமானம் செய்யத் தெரிந்தவர். தெரிந்த வேலையே தம்மை இழுக்கும் என்று அவர் பயந்ததுதான் இதில் எனக்குத் துக்கமான இடமாகப் படுகிறது. அவரும் 2003-ல், ராணுவ ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிய ஊழல் வெடித்தபோது பதவியை விட்டுப் போனார்.

2022 மே மாதம் தலை மறுபடியும் கிளம்பிற்று. இந்தத் தடவை விர்ஜீனியா ராஜ்யத்து ஆர்லிங்டனுக்கு. அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் இருக்கும் இடம். ஆகாயத்தில் ரகசியம் உடைக்கும் வேடிக்கை எதுவும் நடக்கவில்லை. 2024 ஜனவரியில், பறந்து கொண்டிருந்த மாக்ஸ் விமானம் ஒன்றின் பக்கச் சுவரில் ஒரு பலகை பிய்த்துக் கொண்டு போயிற்று. நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை. அந்த வருஷம் ஆகஸ்டில் கெல்லி ஆர்ட்பெர்க் என்ற இஞ்சினியர் புதுத் தலைவராக வந்தார். காரியாலயத்தின் விலாசம் ஆர்லிங்டன் என்றே இருக்க, தாம் சியாட்டிலில் தங்கப் போவதாகச் சொன்னார். வொயிட் 1999-லேயே காலமாகி விட்டார். இருந்திருந்தால் தேசப்படத்தை எடுத்து மைல் கணக்குப் பார்த்திருப்பார்.