நீராவி எஞ்சினின் இறுதிக் காலமும் ஒரு பொறியாளர் வாழ்வும்

ஒரு தொழில் மறைந்த பின்னர், அதன் இறுதிக் காலத்தில் உழைத்தோரைக் காலப்போக்கு அறியாதார் என்று இகழ்தல் எளிது. அங்ஙனம் இகழப்பட்டோருள் ஒருவர் இராபர்ட் ஆர்தர் ரிடில்ஸ் (1892–1983) என்னும் ஆங்கிலப் பொறியாளர். டீசல் எஞ்சின் பரவிவந்த காலத்தில், பிரித்தானிய இரயில்வேக்குப் புதிய நீராவி எஞ்சின்களை வகுத்தளித்தவர் இவர். இவர் செய்தது பிழையா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

ரிடில்ஸ் 1909இல் குரூ தொழிற்சாலையில் தொழில் பயிலத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது இவர் வகுத்த போர்க்கால எஞ்சின்கள் ஆயிரத்துக்கு மேல் செய்யப்பெற்றன. குறைந்த பொருளும் எளிய அமைப்பும் கொண்டு விரைந்து எஞ்சின் செய்யும் நெறியில் இவர் தேர்ந்தது அப்பணியினால் எனலாம்.

1948இல் இரயில்வேக்கள் நாட்டுடைமையாயின. அவ்வாண்டு பிரித்தானிய இரயில்வேக்கு வந்து சேர்ந்த நீராவி எஞ்சின்கள் ஏறத்தாழ 20,000. வகைகளோ மிகப் பல. எஞ்சின், மின்சாரம் ஆகிய துறைகளின் பொறுப்பு ரிடில்ஸிடம் வந்தது. முதன்மைப் பாதைகளை முடிவில் மின்மயமாக்க வேண்டும். அதுவரை நீராவியே போதும். இடையில் டீசல் வேண்டா என்பது அவர் கருத்து. இதற்குக் காரணம் உண்டு. நிலக்கரி உள்நாட்டிற் கிடைத்தது. எண்ணெய்க்கோ அயல்நாட்டுச் செலாவணி வேண்டும். நீராவி எஞ்சினின் விலையும் டீசலினும் மிகக் குறைவு.

அக்கருத்தின் பயனாக 1951 முதல் 1960 வரை 12 வகைகளில் 999 எஞ்சின்கள் எழுந்தன. சாம்பலை எளிதில் அகற்றும் அமைப்பு முதலியன அவற்றில் இடம்பெற்றன. அழுக்குப் பணிக்கு ஆள் கிடைத்தல் அரிதாகிவந்ததை ரிடில்ஸ் அறிந்திருந்தார் என்பதற்கு இவையே சான்று.

1953இல் அவர் ஓய்வு பெற்றார். 1955இல் வெளிவந்த 124 கோடிப் பவுன் திட்டம் நீராவியைக் கைவிட்டது. 1960 மார்ச்சில் சுவிண்டனில் பெயர்சூட்டப்பெற்ற ‘ஈவினிங் ஸ்டார்’ என்னும் இறுதி எஞ்சின், 1965லேயே பணியினின்று நீக்கப்பட்டது. 1968 ஆகஸ்டு 11ஆம் நாள் பெரும் பாதைகளில் நீராவி ஓட்டம் முற்றுப்பெற்றது. தம் எஞ்சின்கள் அனைத்தும் பணி நீங்கிய பின்னும் ரிடில்ஸ் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார்.

இவ்விழப்புக்கு அவரையே பொறுப்பாக்குவோர் உளர். ஆயின் டீசலின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். சுவிண்டனில் 1964–65இல் செய்யப்பெற்ற 56 சிறு டீசல் எஞ்சின்கள் 1969க்குள் அனைத்தும் நீக்கப்பட்டன. அவற்றுக்குரிய சரக்குப் போக்குவரத்தே குறைந்துவிட்டது. எனவே இளமையிற் கழிந்தது நீராவி மட்டுமன்று; திட்டமிட்டோரின் கணக்கே பிழைத்தது. நிலக்கரி வளமுடைய இந்தியாவிலும் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972 வரை நீராவி எஞ்சின் செய்ததும் ஈண்டு எண்ணத்தக்கது.

ரிடில்ஸிடம் குறையே இல்லை என்பது எம் கருத்தன்று. நீராவி எஞ்சினை ஓட்டத்திற்கு ஆயத்தம் செய்யப் பல மணி நேரம் செல்லும். டீசலுக்குச் சில நிமிடங்களே போதும். இவ்வேறுபாட்டிற்கு அவர் உரிய மதிப்பளிக்கவில்லை. எனினும், இலண்டனிலிருந்து மான்செஸ்டர், லிவர்பூல் செல்லும் பாதை 1966இல் மின்மயமானமை அவர் கருதிய முடிவின் ஒரு பகுதியேயாம்.

ஆகவே, ஒரு பொறியாளரின் முடிவை, அதன்பின் நிகழ்ந்தவை கொண்டு மட்டும் அளத்தல் தகாது. முடிவு செய்த நாளில் அவர்முன் இருந்த கரியும் பணமும் ஆளும் கொண்டு அளத்தலே வரலாற்று நெறியாகும்.